பொட்டு வைத்த கோடு

கலப்பையைத் தாழ்த்தி, இரண்டு பனை இடைவெளி தூரம்கூடப் போயிருக்கமாட்டோம். ட்ரக்டர் முனகத் தொடங்கிவிட்டது.

இன்னும் நன்றாக விடியவில்லை. கீரிமலைப் பக்கத்தில் அந்த நேரத்தில் கடல் கண்ணுக்குத் தெரியாது. காதுக்கு மட்டும்தான் தெரியும். கோயில் மணி ஒருமுறை அடித்து ஓய்ந்திருந்தது. ட்ரக்டரை ஓட்டியவன் குகன், எங்கள் மெக்கானிக். என் அக்கா மனோன்மணி, எழுபதை எட்டிப் பிடிக்கப் போகிறவள், பெரிய சில்லுக்கு மேலே மட்கார்ட்டில் ஏறி இருந்தாள். தேத்தண்ணீர்ப் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவள் நான்.

"இழுக்குதில்லை அக்கா," என்றான் குகன்.

"இழுக்கும். விடு."

இழுக்கவில்லை. எஞ்சின் இருமியது. பிறகு புகைக்குழாய்க்குள் ஒரு வெடி. அந்த மண்ணில் நின்றுகொண்டு வெடிச் சத்தம் கேட்டால் யாருக்கும் கால் ஒரு கணம் நின்றுவிடும். எனக்கும் நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தால், எஞ்சினை ஒட்டிய இடத்தில் புகைக்குழாய் செக்கச் செவேலென்று இருந்தது. றேடியேற்றர் மூடியடியில் தண்ணீர் சீறிக்கொண்டு வெளியே வந்தது. குகன் எஞ்சினை நிறுத்தினான்.

அக்கா இறங்கவில்லை. முன்னால் கிடந்த காணியைப் பார்த்தபடி அப்படியே இருந்தாள். முப்பது வருஷத்துக்குக் கிட்ட மண்வெட்டி படாத செம்மண். கண்ணிவெடி தோண்டி எடுத்து, பற்றை வெட்டி, வேர் பிடுங்கி இப்போதுதான் நிலமென்று சொல்லக்கூடிய கோலத்துக்கு வந்திருந்தது. அதில் நாங்கள் உழுதது ஒரு சாலில் கால்வாசி.

"தேத்தண்ணியை ஊத்து," என்றாள் என்னிடம்.

மகனோடு ஓர் ஒப்பந்தம்

அந்தக் காணி எப்படி எங்கள் கைக்குத் திரும்பியது என்பதைப் போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். வாசிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்: அது அக்காவின் சீதனக் காணி. ஒருநாள் விட்டுவிட்டு ஓடினோம். பிறகு அது இராணுவ வேலிக்கு அந்தப் பக்கமாகிப் போனது. அண்மையில்தான் விட்டார்கள். இடைப்பட்ட காலம் முழுக்க அக்கா உடுவிலில் என் வீட்டுக்குப் பக்கத்து வளவில் இருந்தாள், இருக்கிறாள்.

அக்காவின் ஒரே மகன் சுதன் கனடாவில். நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகள்தான் எங்களுக்கு இந்த மாதிரித் தொல்லைகளைத் தருவார்கள். காணி விடுபட்டதும் அவன் சொன்னான்: "அம்மா, உங்களுக்கு இந்த வயதிலை தோட்டம் வேண்டாம். காணியைக் குத்தகைக்குக் குடுங்கோ. ட்ரக்டரையும் கேக்கினம், குடுப்பம்."

ட்ரக்டரைக் கேட்டது ஒரு ஹோட்டல்காரர். இப்போது அது ஒரு மோஸ்தர். பழைய காரோ ட்ரக்டரோ ஒன்றை வாங்கி, நல்ல நிறமாக அடித்து, வாசலில் நிறுத்திப் பூவும் வைத்துவிட்டால் கலியாணச் சோடிகள் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ளும். அக்காவின் கணவர், எங்கள் தங்கராசா அத்தான், ஆசையாக ஓட்டிய ட்ரக்டரின் மேல் முன்பின் தெரியாத மாப்பிள்ளை ஒருவன் கறுப்புக் கண்ணாடியோடு சாய்ந்து நிற்பதை நினைக்கவே எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை.

அவள் தொலைபேசியில் மகனிடம் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"தம்பி, ஐப்பசி மழைக்கு முன்னம் எங்கடை ட்ரக்டராலை அந்தக் காணியை உழுது காட்டுறன். உழுதிட்டனெண்டால் நான் அங்கை ஒரு சின்ன வீடு போட்டுக்கொண்டு இருப்பன், நீ வாய் திறக்கக்கூடாது. உழாட்டி நீ சொன்னபடி காணியையும் குடு, ட்ரக்டரையும் குடு. நான் ஒண்டும் கதையன்."

சுதன் உடனே சம்மதித்தான். அவனுக்கு அந்த ட்ரக்டரின் நிலை தெரியும்.

உண்மையைச் சொன்னால் நான் மனதுக்குள் சுதனின் பக்கம்தான். ஒரு டீசல் ட்ரக்டரை வாடகைக்குப் பிடித்தால் மத்தியானச் சோற்றுக்கு முன் வேலை முடிந்துவிடும் என்று ஒருமுறை சொல்லியும் பார்த்தேன்.

"நாங்கள் வெளிக்கிட்ட கிழமையும் அந்த மண்ணை உழுதது இதுதான். திரும்பவும் இதுதான் உழும்," என்றாள். தபால் கந்தோரில் வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ பிடிவாதக்காரரைச் சமாளித்தவள் நான். அக்காவிடம் மட்டும் அது பலித்ததில்லை.

குகனின் வைத்தியம்

முதல்நாள் தோல்விக்குப் பிறகு எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, கலப்பையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, உடுவிலுக்குத் திரும்பினோம். நான் ஸ்கூட்டரில் பின்னால் வந்தேன். வழி முழுக்க அந்த ட்ரக்டர் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. பாரம் இல்லையென்றால் அதுபோல் நல்ல பிள்ளை இல்லை. கலப்பை மண்ணில் இறங்கினால்தான் அதற்குச் சீவன் போகிறது.

குகன் வல்வெட்டித்துறைக்காரன். கடல் எஞ்சின்களில் கை பழகி, உடுவிலில் கலியாணம் கட்டி, எங்கள் தெருமுனையில் கராச் போட்டவன். ஒரு பிளக்கைக் கழற்றுவதற்குள் இரண்டு ஊர்ப் புதினம் சொல்லிவிடுவான். தன்னால் திருத்த முடியாத எஞ்சின் இன்னும் செய்யப்படவில்லை என்பது அவனுடைய அபிப்பிராயம். அதைக் கேட்டுக் கேட்டு நாங்களும் நம்பியிருந்தோம்.

ட்ரக்டரைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். சாம்பல் நிறம், பெற்றோல் எஞ்சின். அத்தானின் தகப்பனார் மலைநாட்டுத் தோட்டமொன்று ஏலம் போட்டபோது எடுத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் ஓடிய மற்றதெல்லாம் டீசல். டீசலுக்குப் பிளக்கும் இல்லை, பொறியும் இல்லை. இதற்கு எல்லாம் உண்டு, வாயைத் தவிர.

குகன் அந்தக் கிழமை முழுக்க அதோடு மல்லுக்கட்டினான். பிளக்குகளை மாற்றினான். காபரேற்றரைக் கழற்றி ஊதினான். பொறியைத் திறந்து மூடும் பொயின்ற்றை அரத்தாளால் தேய்த்து, இடைவெளியை மெல்லிய தகட்டால் அளந்து வைத்தான். றேடியேற்றரிலிருந்து செம்மண் குழம்பு மாதிரி ஏதோ ஒன்றை வெளியே எடுத்தான். ஒவ்வொன்றும் முடிந்ததும் பின்னால் கொழுவிய இழுவைப் பெட்டி நிறையக் கல்லை ஏற்றி இழுத்துப் பார்ப்பான். ஒவ்வொரு முறையும் குழாய் சிவக்கும்.

"இனி ரைமிங் ஒண்டுதான் மிச்சம்," என்றான் ஒருநாள்.

ரைமிங் என்றால் என்ன என்று நானும் அந்தக் கிழமைதான் படித்தேன். எஞ்சினுக்குள் எண்ணெயும் காற்றும் கலந்து நெருக்கப்படும்போது, பொறி எந்தக் கணத்தில் அடிக்க வேண்டும் என்பதுதான் அது. கொஞ்சம் முந்தி அடித்தால் ஒரு குணம், கொஞ்சம் பிந்தினால் இன்னொரு குணம். பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்ரிபியூட்டர் என்ற கறுத்த தலையை ஒரு திருகாணியை இளக்கி இடமோ வலமோ திருப்பினால் அந்தக் கணம் மாறும். கண்ணுக்குத் தெரியாத அளவு திருப்பினாலே போதும்.

"அப்ப திருப்பிப் பார்," என்றேன்.

குகன் என்னைப் பார்த்த பார்வையில், நான் கோயிலுக்குள் செருப்போடு போகச் சொன்னதுபோல் இருந்தது.

"அது ஐயா வைச்ச கோட்டிலைதான் நிக்குது சின்னக்கா. ஒரு மயிரிழைகூட விலகேல்லை. நான் பாத்தனான்."

பொட்டு

டிஸ்ரிபியூட்டரின் கழுத்திலும் அதற்குக் கீழே எஞ்சினிலும் நேருக்கு நேராக ஒரு கோடு உண்டு. அரத்தால் அறுத்த, ஆழமான, நேரான கோடு. அத்தானின் கை. யார் எதைக் கழற்றிப் பூட்டினாலும் கடைசியில் மேல்கோட்டைக் கீழ்க்கோட்டுக்கு நேரே கொண்டுவந்து ஆணியை இறுக்கிவிட வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

சரஸ்வதி பூசைக்கு எங்களூரில் எல்லோரும் வாகனத்துக்குப் பொட்டு வைப்பார்கள். முன்பக்கம் வைப்பார்கள், ஸ்ரியரிங்கில் வைப்பார்கள். அத்தான் காலமான பிறகு அக்கா அந்தக் கோட்டிலும் வைக்கத் தொடங்கினாள். சந்தனம், அதன் நடுவில் குங்குமம். வருஷத்துக்கு வருஷம் பழையதைத் துடைக்காமல் அதன்மேலேயே வைத்ததில், அந்த இடம் தடித்து ஒரு சின்னச் சாமிபோல் ஆகிவிட்டது. அதைப் பார்த்த பிறகு எந்த மெக்கானிக்குக்கு அதை அசைக்கத் துணிவு வரும்? குகனுக்கு வரவில்லை. கடல் எஞ்சினிலும் பொட்டு வைத்து வளர்ந்த சனம் அவன். அவர்களுடைய ஊரில் பொட்டு வைத்த சாமானில் கை வைத்துவிட்டுக் கடலுக்குப் போகமாட்டார்கள்.

இப்படியாக, ட்ரக்டரில் இருந்த அத்தனை உறுப்பிலும் பிழை தேடினோம். பொட்டு வைத்த இடத்தில் மட்டும் யாரும் தேடவில்லை.

வானம் மழைக்கு இருட்டத் தொடங்கியிருந்தது. சுதன் தினமும் அழைத்து, மிகவும் மரியாதையாக, "எப்பிடி அம்மா, சரி வருதோ?" என்று கேட்டான். அக்காவும் மரியாதையாக, "வரும்," என்றாள். தொலைபேசியை வைத்த பிறகு அவள் குசினிக்குப் போய்க் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவுவாள். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. சுதனின் பக்கத்திலிருந்து நான் அக்காவின் பக்கம் மாறியது அந்தப் பாத்திரச் சத்தத்தில்தான்.

அக்கா சொன்ன கதை

ஒரு பின்னேரம் மூவரும் கொட்டிலில் இருந்தோம். குகனுக்கு அன்று புதினம்கூட வரவில்லை. துணியால் டிஸ்ரிபியூட்டரைத் துடைத்தபடி சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டான்.

"அக்கா, உந்தக் கோட்டை ஐயா எப்ப போட்டவர்?"

அக்காவின் முகம் மலர்ந்தது. அத்தானைப் பற்றிக் கேட்டால் அப்படித்தான்.

"அது தடைக் காலத்திலை. பெற்றோல் எண்ட சொல்லையே மறந்திருந்த நேரம். மண்ணெண்ணெயிலை ஓட்டினால் எஞ்சின் உள்ளுக்கு டொக் டொக்கெண்டு தட்டும். தட்டித் தட்டியே உடைஞ்சுபோகும் எண்டு இவருக்குப் பயம். ஒருநாள் முழுக்க பெட்டியிலை கல்லேத்திக்கொண்டு, மருதனார்மடம் தெருவிலை போறதும் வாறதும், திருப்பிறதும் பாக்கிறதும். கடைசியா தட்டாமல் இழுத்த இடத்திலை அரத்தை எடுத்து ஒரு கோடு."

அந்தக் காலத்தை அறியாதவர்களுக்கு ஒரு சொல். போர் நடந்ததால் அரசாங்கம் தடை போட்டிருந்தது; கொழும்பிலிருந்து எண்ணெய் வராது. சேலைன் போத்தலில் நாலு துளி பெற்றோல் வைத்திருந்து அதில் எஞ்சினை எழுப்புவோம். எழும்பியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். கார், மோட்டார் சைக்கிள், தண்ணீர் இறைக்கும் பம்ப் எல்லாம் அப்படித்தான். தெருவெல்லாம் வெள்ளைப் புகை. கலியாண வீட்டுக்குப் போனால் பட்டுச் சேலையும் மண்ணெண்ணெய் மணக்கும். யாரும் மூக்கைச் சுளித்ததில்லை.

அந்தக் கோட்டோடுதான், வலிகாமத்துச் சனமெல்லாம் சண்டைக்குப் பயந்து எழும்பித் தென்மராட்சிக்கு வெளிக்கிட்ட அன்று, அத்தான் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். மழை. தெருவில் கால் வைக்க இடமில்லாத சனம். பெட்டிக்குள் மூட்டைகளுக்கு மேலே நான். என் மடியில் காய்ச்சலோடு என் மகள். நின்று நின்று, ஊர்ந்து ஊர்ந்து போன அந்தப் பயணத்தில் வழியெல்லாம் வாகனங்கள் சூடேறி நின்றன. எங்களுடையது நிற்கவில்லை. அன்று மடியில் கிடந்தவள் இன்று வவுனியாவில் தாதியாக இருக்கிறாள். இந்த வாழ்க்கையில் நான் நன்றி சொல்ல வேண்டியவர்களை நினைத்தால், மனிதர்களுக்கு நடுவில் அந்த எஞ்சினும் வந்து நிற்கிறது. அதை எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

கதைக்குத் திரும்புகிறேன். அக்கா சொல்லி முடித்தபோது குகனின் கை துடைப்பதை நிறுத்தியிருந்தது.

"அப்ப உது மண்ணெண்ணெய்க்கு வைச்ச கோடோ அக்கா?"

"பின்னை? பெற்றோலை ஆர் கண்டது அப்ப," என்ற அக்கா, அந்தச் சொல்லோடு நின்றுவிட்டாள்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இப்போது தாங்கிக்குள் இருப்பது பெற்றோல்.

குகன் மெதுவாக விளக்கினான். மண்ணெண்ணெய் நெருக்கினால் பொறுக்காது, ஆகவே அதற்குப் பொறியைப் பிந்தி அடிக்க வைக்க வேண்டும். அதே இடத்தில் வைத்துப் பெற்றோலை விட்டால், எஞ்சினுக்குள் எரிந்து முடிய வேண்டியது முடியாமல் புகைக்குழாயில் போய் எரியும். குழாய் சிவக்கிறது, தண்ணீர் கொதிக்கிறது, இழுவை இல்லை.

"ஆனால் ஐயா ஓட்டேக்கை இந்தப் பிரச்சினை இருக்கேல்லையே," என்றான். "கொழும்புப் பாதை திறந்து பெற்றோல் வந்த பிறகும் ஓட்டினவர்தானே."

அதற்கும் அக்காவிடம் பதில் இருந்தது. பெற்றோல் வந்த பிறகும் அத்தான் அதை நம்பவில்லை. கடைசிவரை பாதிக்குப் பாதி மண்ணெண்ணெய் கலந்துதான் ஊற்றினார். கேட்டால், "இண்டைக்குத் திறந்த பாதை நாளைக்கும் திறந்திருக்குமெண்டு ஆர் எழுதித் தந்தது?" என்பார். அவர் போன பிறகு மண்ணெண்ணெய் தேடுவது சிரமமாகி, அக்கா வெறும் பெற்றோலுக்கு மாறினாள். அதன்பின் ட்ரக்டருக்கு இருந்த வேலை வெங்காய மூட்டை நாலைச் சந்தைக்குக் கொண்டுபோவது மட்டும்தான். ஆகவே யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

"சரி, இனிச் சுகம்," என்று குகன் ஆணி திருப்பும் சாவியை எடுத்தான். "ஆணியை இளக்கி ஒரு பக்கம் திருப்பினால் முடிஞ்சுது."

"வை கையிலை இருக்கிறதை," என்றாள் அக்கா.

குகன் வைத்தான்.

"அவர் வைச்ச கோட்டிலை ஒருத்தரும் கை வைக்கேலாது. அதுக்கு மண்ணெண்ணெய்தான் வேணுமெண்டால் மண்ணெண்ணெயைக் குடுங்கோ."

மணம்

ஒரு கான் மண்ணெண்ணெய் எப்படியோ கிடைத்தது. மறுநாள் காலை பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, பிறகு குழாயை மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். பழைய காலத்தில் அத்தான் எண்ணெய் போகும் குழாயைப் புகைக்குழாயோடு சேர்த்துத் தகரத்தால் சுற்றிச் சூடாக்கி வைத்திருந்தார். அந்தத் தகரம் எப்போதோ துருப்பிடித்து விழுந்துவிட்டது. குகன் ஒரு பால்மா ரின்னை வெட்டிச் சுற்றிப் பார்த்தான். அது அவனுக்கே பிடிக்கவில்லை.

எஞ்சின் ஓடியது என்று சொல்ல முடியாது. இருமிக்கொண்டே நின்றது. பின்னாலிருந்து வெள்ளைப் புகை எழும்பி, மாமரத்தை மூடி, மதிலைத் தாண்டிப் போனது. எனக்குக் கண் எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சாறத்தைக் கட்டியபடி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளையள், திரும்பத் துவங்கிட்டுதோ?" என்று கேட்டார். முகத்தில் உண்மையான பயம் இருந்தது. இல்லை, ட்ரக்டர் திருத்துகிறோம் என்று சொன்ன பிறகும் அவர் கொஞ்ச நேரம் மதிலடியை விட்டுப் போகவில்லை.

எஞ்சின் நின்றுவிட்டது. குகன் பிளக்கைக் கழற்றினான். கரி பிடித்து நனைந்திருந்தது. துடைத்துப் பூட்டினான், எழுப்பினான். அது இன்னொருமுறை இருமிவிட்டு நின்றது. அவன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையைக் கழுவப் போய்விட்டான்.

அக்கா அந்தப் புகைக்குள் நின்றாள். நான் அழுகிறாளோ என்று பார்த்தேன். அழவில்லை. மூக்கை விரித்து மணந்துகொண்டு நின்றாள்.

"அண்டைக்கும் இதே மணம்தான் வசந்தா," என்றாள். "நான் மட்கார்ட்டிலை இருக்கிறன். இவர் கொஞ்ச தூரம் ஓடிப்போட்டு, நிப்பாட்டிப்போட்டுக் கேக்கிறார், தட்டுதோ தட்டேல்லையோ எண்டு."

"ஏன், அத்தானுக்குக் கேளாதோ?"

"ஷெல் விழுந்ததிலை இருந்து அவருக்கு வலக்காது மந்தம் எல்லோ. மற்றக் காதிலையும் வடிவாக் கேளாது. ஆருக்கும் சொல்லேல்லை, எனக்குத்தான் தெரியும். நான் தட்டுது எண்டால் திருப்புவார். தட்டேல்லை எண்டால் விடுவார். நான் போதும் எண்ட இடத்திலைதான் அரத்தை வைச்சவர்."

புகை மெல்லக் கலைந்து மாமரம் திரும்பத் தெரிந்தது.

"கை அவரின்ரை," என்றாள் பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல. "காது என்ரை."

குகன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். அக்கா முந்தானையை நனைத்து, டிஸ்ரிபியூட்டரில் வருஷக்கணக்காகப் படிந்திருந்த சந்தனத்தை ஊறவைத்து, சுரண்டி, துடைத்து எடுத்தாள். கோடு பளிச்சென்று தெரிந்தது.

"தம்பி, உந்த மண்ணெண்ணெயை வடிச்சுப்போட்டுப் பெற்றோலை விடு. நாளைக்கு வெள்ளெனக் கீரிமலைக்குப் போவம். அரமும் ஒண்டு கொண்டு வா."

தட்டுது, தட்டேல்லை

அடுத்த நாள் வானம் கறுத்திருந்தது. கடல் பக்கத்திலிருந்து ஈரக் காற்று. இன்று இல்லாவிட்டால் இனி இல்லை என்பது மூவருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் அதைப் பேசவில்லை.

அக்கா மட்கார்ட்டில் ஏறி இருந்தாள். குகன் ஆணியை இளக்கி, கறுத்த தலையைப் பழைய கோட்டிலிருந்து கொஞ்சம் திருப்பி, இறுக்கிவிட்டு ஏறினான். கலப்பை மண்ணில் இறங்கியது. எஞ்சின் இழுத்தது, முன்பைவிட நன்றாக இழுத்தது, ஆனால் முனகல் இருந்தது.

"தட்டேல்லை," என்றாள் அக்கா. "இன்னும் வை."

நிறுத்தி, இறங்கி, திருப்பி, ஏறினான். மறுபடியும் கலப்பை. முனகல் போய்விட்டது. செம்மண் இரண்டு பக்கமும் பிளந்து விழுந்தது.

"தட்டேல்லை. இன்னும் கொஞ்சம்."

"காணும் அக்கா, நல்லா இழுக்குது."

"நீ ஓடு. கேக்கிறது நான்."

அடுத்த முறை கலப்பை இறங்கி எஞ்சினுக்குப் பாரம் ஏறியதும் எனக்கே கேட்டது. உள்ளுக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோல்.

"தட்டுது," என்றாள் அக்கா. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் பின்னுக்கு எடு. கொஞ்சம். கனக்க வேண்டாம்."

குகன் இறங்கிப் பின்னுக்கு எடுத்தான். வாயே திறக்கவில்லை, அவனை அப்படி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. ஏறினான். எஞ்சின் தன் பாட்டுக்கு ஒரே சீராக ஒலித்தது. ட்ரக்டர் போய்க்கொண்டே இருந்தது. முதல்முறை நின்ற இடத்தைத் தாண்டியது, கிணற்றடியைத் தாண்டியது, எல்லை வேலிவரை போய் வளைந்து திரும்பியது. நான் ஓடிப்போய்ப் புகைக்குழாயைப் பார்த்தேன். கறுப்பாக இருந்தது. ஒரு குழாய் கறுப்பாக இருப்பதைப் பார்த்து என் கண் கலங்கும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் விசர்க் கதை என்றிருப்பேன்.

"போதும்," என்றாள் அக்கா.

ட்ரக்டரை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். குகன் அரத்தை எடுத்துக்கொண்டு குனிந்தான். அவள் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். எஞ்சின் சூட்டில் விரலைச் சுட்டுக்கொண்டு, மூச்சு வாங்க, மேல்கோட்டுக்கு நேரே எஞ்சினில் ஒரு புதுக் கோட்டை அறுத்தாள்.

"கோணலாப் போச்சு அக்கா," என்றான் குகன்.

"கோணலா இருந்தால் என்ன. நேரேதானே ஓடுது."

அதன்பிறகு மத்தியானம்வரை உழுதார்கள். இடையில் அக்கா சுதனை வீடியோவில் அழைத்தாள். அங்கே இரவு. அவன் படுக்கப் போகும் நேரம். அவள் தொலைபேசியை எஞ்சின் பக்கமாகப் பிடித்தாள். பிறகு உழுத மண்ணைக் காட்டினாள்.

சுதன் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தான்.

"அப்பா ஓட்டுற மாதிரிக் கிடக்கு அம்மா," என்றான். பிறகு, "வீட்டுக்கு எத்தினை அறை போடுவம்?" என்று கேட்டான்.

"நீ வந்தால் படுக்க ஒண்டு. எனக்கு ஒண்டு. உன்ரை சித்திக்கும் ஒண்டு வேணும், அவள் வந்து கரைச்சல் தருவாள்," என்றாள் அக்கா. சித்தி என்றது என்னைத்தான்.

முதல் துளி விழுந்தபோது வேலை முடிந்திருந்தது. அக்கா கைப்பைக்குள்ளிருந்து கோயில் சந்தனப் பொட்டலத்தை எடுத்தாள். தன்னுடைய கோணல் கோட்டில் ஒரு பொட்டு வைத்தாள். நனைந்துகொண்டு நின்ற நான், போவோம் என்று திரும்பினேன். அவள் விரலில் சந்தனத்தோடு பழைய கோட்டடியில் இன்னும் குனிந்தபடியே இருந்தாள்.

"பழைய கோட்டுக்கு ஏன் அக்கா? அது இனித் தேவையில்லையே."

"இருக்கட்டும் பிள்ளை," என்றாள் அக்கா. "பெற்றோலை எப்ப நிப்பாட்டுவாங்கள் எண்டு ஆருக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு, அத்தானின் கோட்டுக்கும் ஒரு பொட்டு வைத்தாள்.